தூக்கக் கூடாதவரும் குனியக் கூடாதவரும்: கணவன், மனைவி இருவருமே நோயாளிகளாக இருக்கும் வீட்டுக்கான கேள்வி பதில்கள்

எனக்கு வயது 74, மனைவிக்கு 71. கும்பகோணத்தில் நாங்கள் இருவர் மட்டுமே வசிக்கும் வீடு. ஒரு புரட்டாசி மாதத்தில் எனக்கு இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. வீடு திரும்பிய பத்தொன்பதாம் நாள், எனக்கு வெந்நீர் எடுத்துவரக் கொல்லைப்புறம் போன மனைவி, ஐப்பசி மழையில் பாசி பிடித்திருந்த கல்லில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதி முறிந்து, அந்த மூட்டின் பந்துப் பகுதியை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்து பொருத்தினார்கள். அதன் பிறகு உறவினரும், முன்பு என்னிடம் கணக்குப் படித்த மாணவர்களும், இதே நிலைமைக்கு வந்த வேறு தம்பதியரும் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். நாங்கள் இருவரும் டாக்டர்களிடமும் பிசியோதெரபிஸ்டுகளிடமும் கேட்டு, எழுதி வைத்துக்கொண்டு நடந்தவற்றையே சொல்கிறேன். உங்கள் டாக்டர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

இருவருமே படுத்துவிட்டால் யார் யாரைப் பார்த்துக்கொள்வது?

முதலில் நாங்களும் இப்படித்தான் கேட்டுக்கொண்டு திகைத்தோம். பிறகுதான் இருவரின் உடம்பும் ஒரே இடத்தில் பழுதாகவில்லை என்பதைக் கவனித்தோம். பைபாஸ் செய்யும்போது மார்பின் நடு எலும்பை நெடுக அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டி மூடுகிறார்கள். அந்த எலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரங்களும், முழு உறுதி பெற அதற்கு மேலும் ஆகும். அதுவரை இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்குவதும், கதவைத் தள்ளுவதும், கனமானதை இழுப்பதும் கூடாது. ஒரு குடம் தண்ணீர் ஏறத்தாழ 15 கிலோ; எரிவாயு நிரம்பிய சிலிண்டர் 30 கிலோவை நெருங்கும். இறுகிய ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருகுவதுகூட எனக்கு விலக்கப்பட்டிருந்தது. ஆனால் என் கால்களுக்கு ஒன்றுமில்லை. நடக்கச் சொல்லித்தான் வீட்டுக்கே அனுப்பினார்கள்.

மனைவிக்கோ நேர்மாறான நிலைமை. அவரது கைகளில் பலம் இருந்தது. ஆனால் இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, அறுவை செய்த காலின் விரல்களை உட்பக்கமாகத் திருப்பக் கூடாது என்று மூன்று கட்டளைகள் இருந்தன. (எந்தப் பக்கமாக அறுத்து மூட்டை அடைந்தார்கள் என்பதைப் பொறுத்து இவை மாறும், கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.) என்னால் தூக்க முடியாது, அவரால் குனிய முடியாது. ஆகவே நடந்து போய் எடுத்துவரும் சிறு வேலைகள் எனக்கும், உயரமான நாற்காலியில் அமர்ந்து கையால் செய்யும் வேலைகள் அவருக்கும் என்று பிரித்துக்கொண்டோம். தரையில் விழுந்த நெயில் கட்டரை நான் எடுத்து, தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து அவருடைய கால் நகங்களை வெட்டினேன். என் கை எட்டாத முதுகை அவர் ஈரத் துணியால் துடைத்துவிட்டார். ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, 'என்னால் முடிந்தவை', 'உன்னால் முடிந்தவை' என்று முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பத்தியிலும் இடம் பெறாதவற்றுக்கு மட்டும் ஆள் தேடினால் போதும்.

எழுந்திருக்கும்போது கை கொடுக்கலாமா?

கூடாது. ஐம்பது ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இதைவிடக் கடினமான விதி கிடையாது. அவர் மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் காலை, கமோட் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "என்னங்க, கொஞ்சம் கை கொடுங்க" என்றார். நானும் யோசிக்காமல் வலக்கையை நீட்டிவிட்டேன். அவர் பிடித்து இழுத்த அந்தக் கணத்தில் என் மார்புக்குள் ஏதோ பிளப்பதுபோல் ஒரு வலி வந்தது. நான் கையை உதற, அவர் பொத்தென்று மீண்டும் உட்கார்ந்தார். நல்ல வேளையாக இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முழுவதும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பிசியோதெரபிஸ்ட் வந்து முறையைச் சொல்லிக் கொடுத்தார். அறுவை செய்த காலைச் சற்று முன்னே நீட்டி வைத்து, நாற்காலியின் இரு கைகளையும் ஊன்றி எழ வேண்டும். நின்று நிலைத்த பிறகே வாக்கரைப் பிடிக்க வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது கவிழும். என் பங்கு, எதிரே நின்று வாயால் சொல்வது மட்டும். "காலை நீட்டு, கையை ஊன்று, இப்போ எழு" என்று நான் சொல்வதும், அவர் எழுவதும் நாளடைவில் பழகிவிட்டது. நான் படுக்கையிலிருந்து எழும்போது அவர் இதேபோல எனக்குச் சொல்வார்: கைகளை ஊன்றாமல், ஒருக்களித்துப் புரண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அந்தக் கனத்திலேயே உடம்பை நிமிர்த்த வேண்டும்.

ஒருவர் விழுந்துவிட்டால் மற்றவர் என்ன செய்வது?

தூக்க முயலக் கூடாது. தலைக்கு ஒரு தலையணை வைத்து, போர்வை போர்த்தி, 108க்கும் அடுத்த வீட்டுக்கும் போன் செய்யுங்கள். அதற்காகவே இருவரும் கைபேசியைக் கழுத்துப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தோம். பார்ப்பதற்குப் பேருந்து நடத்துநர்போல இருந்ததாகப் பேரன் சிரித்தான்.

இருவரின் மாத்திரைகளும் கலந்துவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டென்றால் இதைப் படியுங்கள். எனக்கு ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், இதயத்துக்கு மெட்டோப்ரொலால், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவை. மனைவிக்கு வலிக்குப் பாராசிட்டமால், சில நாள் மட்டும் டிராமடால், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க 35 நாள் ஒரு மாத்திரை, அதோடு கால்சியமும் வைட்டமின் டியும். எல்லாமே வெள்ளையாகவோ, இளஞ்சிவப்பாகவோ, சிறியதாகவோதான் இருக்கின்றன. நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் என்னுடைய மெட்டோப்ரொலாலை அவர் தவறி விழுங்கினால் தலை சுற்றும். தலை சுற்றினால் மறுபடியும் விழுவார்.

இன்னொரு ஆபத்து வீட்டு அலமாரியில் ஏற்கெனவே கிடக்கும் பழைய அட்டைகளில் இருக்கிறது. பைபாஸுக்குப் பிறகு தோள்பட்டையும் முதுகும் வலிப்பது இயல்பு. எப்போதோ மூட்டுவலிக்கு வாங்கிய டைக்ளோபினாக்கையோ ஐபுபுரோபனையோ, "ஒண்ணு போட்டுக்கோங்க" என்று அன்போடு எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இந்த வகை வலிநிவாரணிகள் பைபாஸ் செய்தவருக்கு மாரடைப்பு அபாயத்தைக் கூட்டும். ஆஸ்பிரினோடும் குளோபிடோக்ரெலோடும் சேரும்போது வயிற்றில் ரத்தக் கசிவையும் உண்டாக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடும் மனைவிக்கும் இதே ஆபத்து உண்டு. நாங்கள் பழைய அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு வீட்டைவிட்டே அப்புறப்படுத்தினோம்.

நீல மூடி டப்பா எனக்கு, சிவப்பு மூடி டப்பா அவருக்கு. ஒன்று கூடத்தில், மற்றது படுக்கையறையில். மாத்திரையை எடுத்தவர் அட்டையில் உள்ள மருந்தின் பெயரை உரக்க வாசிப்பார், மற்றவர் சீட்டைப் பார்த்து 'சரி' என்று சொன்ன பிறகே விழுங்குவது. மருந்துக் கடையில் நிறுவனத்தை மாற்றிக் கொடுக்கும்போது வணிகப் பெயர் மாறிவிடும், உள்ளிருக்கும் மருந்து அதுவேதான். அதைப் புதிய மருந்தென்று எண்ணி இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களை நான் அறிவேன். ஆகவே அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப் பெயரைப் பாருங்கள். டாக்டர் நிறுத்தச் சொல்லாத எதையும், பல் பிடுங்குவதற்காகக்கூட, நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒருவருக்கு உப்பும் எண்ணெயும் குறைய வேண்டும், மற்றவருக்குச் சத்து ஏற வேண்டும். இரண்டு சமையலா?

ஒரே சமையல்தான். உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்குமே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்கிறது. எனவே எனக்கு வேண்டிய கட்டுப்பாடு அவருக்கும் கெடுதலில்லை. ஊறுகாய், அப்பளம், வடகம், கடைச் சிப்ஸ் ஆகியவற்றை நிறுத்தியதிலேயே பாதி உப்பு குறைந்தது. எலும்பு கூடுவதற்குப் புரதமும் கால்சியமும் வேண்டும் என்பதால் தயிர், கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, சுண்டல், முட்டை ஆகியவை இருவர் தட்டிலும் வந்தன. எனக்கும் நெஞ்சு எலும்பு கூட வேண்டியிருந்ததே. ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன்: 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையை ஒரு நாள் நிறையவும் மறுநாள் இல்லாமலும் உண்ணக் கூடாது. அளவு ஒரே சீராக இருக்க வேண்டும்.

அரிவாள்மணை பரணுக்குப் போனது. மேசையில் பலகையும் கத்தியும் வைத்து அவர் நறுக்குவார், நான் சிறிய பாத்திரங்களாக அடுப்பில் ஏற்றுவேன். குக்கரை நிரப்பித் தூக்க முடியாது என்பதால் இரண்டு ஆழாக்கு அரிசியை இரண்டு முறை வைத்தோம்.

படுக்கை, குளியலறை, கழிப்பறையில் என்னென்ன மாற்ற வேண்டும்?

கட்டில் கால்களுக்கு மரக்கட்டை வைத்து உயர்த்தினோம். முழங்காலைவிட இடுப்பு சற்று உயரமாக இருக்கும்படி அவர் உட்கார வேண்டும் என்பதே அளவு. அவர் கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுப்பார், நான் தலைப்பக்கத்தை உயர்த்தி மல்லாந்து படுப்பேன். இரவில் ஒருவர் அசைவது மற்றவருக்கு வலி தருவதால் இரண்டு கட்டில்களாக்கி, ஒரு கை நீட்டும் தூரத்தில் போட்டுக்கொண்டோம். இருமல் வந்தால் நெஞ்சோடு இறுக அணைத்துக்கொள்ள எனக்கென்று ஒரு தலையணை உண்டு. அதை இரவில் மனைவி காலுக்கு எடுத்துக்கொண்டதால் ஒரு சிறு பூசலும் வந்தது. தலையணை மட்டும் தாராளமாக வாங்கி வையுங்கள்.

இந்தியக் கழிப்பறை இருவருக்குமே ஆகாது. குளியலறைச் சுவரில் கைப்பிடி, கால் வழுக்காத ரப்பர் பாய், கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, அரை வாளி மட்டும் தண்ணீர், கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு ஆகியவை வேண்டும். மிதியடிகளையும் தரை விரிப்புகளையும் சுருட்டிவிடுங்கள். கொல்லைக் கல்லைச் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்க்க ஆள் வைத்தது எலும்பு முறிந்த பிறகுதான் என்பதை இன்றும் வெட்கத்தோடு நினைத்துக்கொள்கிறேன்.

எந்த அறிகுறிகளுக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

பைபாஸ் செய்தவருக்கு நெஞ்சு வலி, வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே 108. நெஞ்சு எலும்பு 'கிளிக்' என்று அசைவது, புண்ணில் நீரோ சீழோ வருவது, 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் ஆகியவற்றுக்கு அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும். ஒரே நாளில் 1 கிலோவோ, ஒரு வாரத்தில் 2 கிலோவோ ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று பொருள்.

இடுப்பு அறுவை செய்தவருக்குக் கெண்டைக்கால் வீங்கி வலிப்பது ரத்தக் கட்டியின் அடையாளமாக இருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் திடீரென மூச்சு வாங்கும், அதற்கும் 108தான். சட்டென்று கடும் வலி வந்து, கால் குட்டையானதுபோலவும் திரும்பியதுபோலவும் தெரிந்தால் மூட்டு நழுவியிருக்கலாம்.

தன் முதுகையும் தன் பின்னங்காலையும் தானே பார்க்க முடியாது. எனவே தினமும் மாலை விளக்கேற்றிய பிறகு நான் அவர் காலையும் தையலையும் பார்ப்பேன், அவர் என் மார்புத் தையலையும், பைபாஸுக்காக ரத்தக் குழாய் எடுத்த கணுக்காலையும் பார்ப்பார். பார்த்ததை ஒரு கோடு போட்ட நோட்டில் தேதியோடு எழுதுவோம். மறுபரிசோதனைக்குப் போனபோது அந்த நோட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் எங்களைக் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார்.

மற்றவர் கவலைப்படுவாரே என்று வலியைச் சொல்லாமல் இருப்பது தவறா?

தவறுதான், அதை இருவருமே செய்தோம். எனக்கு மூன்று நாள் கணுக்கால் வீங்கியிருந்ததை வேட்டியைத் தழைத்துக் கட்டி மறைத்தேன். அவரோ டிராமடாலால் மலச்சிக்கலாகி அவதிப்பட்டதைச் சொல்லவேயில்லை. 'எனக்கு வெந்நீர் எடுக்கப் போய்த்தானே விழுந்தாள்' என்ற குற்ற உணர்வு எனக்கு. 'நெஞ்சைப் பிளந்தவரிடம் போய் இதைச் சொல்வதா' என்ற தயக்கம் அவருக்கு. பிறகு ஓர் ஏற்பாடு செய்தோம். காலைக் காப்பியின்போது வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று இருவரும் சொல்ல வேண்டும். அதற்கு விளக்கமோ ஆறுதலோ தேவையில்லை. எண்ணாகச் சொல்லும்போது புலம்புவதாகத் தோன்றாததால் மறைக்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

காரணமில்லாத எரிச்சலும் அழுகையும் வருகின்றன. இது இயல்பா?

பைபாஸுக்குப் பிறகு மனச்சோர்வும், தூக்கமின்மையும், சிறு மறதியும் பலருக்கு வருகின்றன. நான் செய்தித்தாளில் வந்த இரங்கல் விளம்பரத்தைப் பார்த்து, முகம் தெரியாத ஒருவருக்காக அழுதிருக்கிறேன். வயதானவர்களுக்கு இடுப்பு முறிவு அறுவைக்குப் பின் சில நாள் மனக்குழப்பம் ஏற்படுவதும் உண்டு. இரண்டாம் இரவு மனைவி, என்றோ இறந்துபோன தம் தாயாரை அழைத்து, அடுப்பை அணைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார், மகள் பயந்துவிட்டாள். கண்ணாடியை மாட்டிவிட்டு, பகலில் ஜன்னலைத் திறந்து வைத்து, நாளையும் கிழமையையும் சொல்லிக்கொண்டே இருந்ததில் நான்கு நாளில் தெளிந்தார்.

ஆனால் சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், சாப்பாடும் மாத்திரையும் வேண்டாம் என்று தோன்றினால், அதையும் ஒரு நோயாகவே கருதி டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்விடலாமா, ஆள் வைத்துக்கொள்ளலாமா?

இது அவரவர் வசதி. மகள் எங்களை ஆளுக்கொரு வீட்டில் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னாள். நான் மகளிடமும், அவர் மகனிடமும் என்று. அன்பான யோசனைதான், நாங்கள் ஏற்கவில்லை. மகள் மூன்று வாரம் வந்திருந்தாள். அதன் பிறகு காலை மூன்று மணி நேரத்துக்கு ஓர் அம்மாள் வந்து தண்ணீர் பிடிப்பது, துணி துவைப்பது, மனைவியைக் குளிப்பாட்டுவது ஆகியவற்றைச் செய்தார். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

நலம் விசாரிக்க வருபவர்களை என்ன செய்வது?

மாலை 4 முதல் 5 வரை என்று வாசலில் எழுதி ஒட்டினோம். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் போனில் விசாரித்தால் போதும் என்றும் சேர்த்து எழுதினோம். இருபது ஹார்லிக்ஸ் பாட்டில்கள் சேர்ந்தது தனிக் கதை.

ஒரே ஆண்டில் இரண்டு அறுவைக்குக் காப்பீடு கிடைக்குமா?

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்பது குடும்பத்துக்கு உரிய தொகை. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் திட்டத்திலும் அப்படித்தான்: கணவன், மனைவி இருவரும் ஒரே தொகையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். முதல் அறுவைக்கு எவ்வளவு கழிந்தது என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே எழுதி வாங்குங்கள்.

தாம்பத்திய உறவு?

நேரில் யாரும் கேட்பதில்லை, கடிதத்தில் கேட்கிறார்கள். பொதுவாக நெஞ்சு எலும்பு கூடி, இரண்டு மாடி மூச்சு வாங்காமல் ஏற முடிந்தால் இதயம் அதைத் தாங்கும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இடுப்புக்கு எந்த நிலை பாதுகாப்பு என்று எலும்பு டாக்டரிடம் கேட்க வேண்டும். நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர்கள் ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாபில் வகை மாத்திரைகளைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கிவிடும்.

பழைய நிலைக்கு எப்போது வருவோம்?

இருவரும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. நான் முதல் வாரம் ஐந்து நிமிடமாகத் தொடங்கி, எட்டாம் வாரம் அரை மணி நேரம் நடந்தேன். அப்போது அவர் வாக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு வந்திருந்தார் (நல்ல காலின் பக்கத்துக் கையில்தான் கோலைப் பிடிக்க வேண்டும்). நான் முன்னேறுவது அவருக்குச் சற்று வருத்தத்தைத் தந்தது. அதை அவரே சொன்னார்.

இன்னொன்று. நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால், எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கிறது என்று பொருள். முறிந்ததைச் சரிசெய்த பிறகு, எலும்பு மெலிவுக்கான மருந்து வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். அவருக்கு வாரம் ஒரு மாத்திரை. அதை வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த அரை மணி நேரம்தான் இப்போது எங்கள் கோலம் போடும் நேரம். இனித் தரையில் குனிய வேண்டாம் என்று அவருக்குச் சொல்லிவிட்டார்கள், எனக்குக் குனியலாம். வாசற்படியில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருக்க, நான் புள்ளி வைக்கிறேன். கணக்கு வாத்தியார் என்பதால் புள்ளிகள் நேராக விழுகின்றன, இழைகள்தான் வளைய மறுக்கின்றன. "அந்த மூணாவது புள்ளியைச் சுத்தி வாங்க" என்று ஊன்றுகோலால் சுட்டிக் காட்டுகிறார்.